தமிழ் அலங்காரத் தலைப்பெழுத்துரு

தமிழ் அலங்காரத் தலைப்பெழுத்துரு என்பது நூல் அட்டை, இதழின் பெயர், கதைத் தலைப்பு, சுவரொட்டி, அழைப்பிதழ், கடைப்பலகை முதலியவற்றில் பெரிய அளவில் பயன்படுத்துவதற்கென அழகூட்டி வடிவமைக்கப்படும் எழுத்துரு ஆகும். பக்கம் பக்கமாகத் தொடர்ந்து வாசிப்பதற்கான உரை எழுத்துருவிலிருந்து இது வேறுபட்டது. உரை எழுத்துரு வாசிப்பவரின் கவனத்தை ஈர்க்காமல் இருப்பதே அதற்குச் சிறப்பு. தலைப்பெழுத்துருவின் வேலையோ கவனத்தை ஈர்ப்பதுதான். அச்சகங்களில் உரைக்கு 10 அல்லது 12 புள்ளி அளவும், தலைப்புகளுக்கு 18 புள்ளியிலிருந்து 72 புள்ளி வரையிலான அளவுகளும் வழங்கின. 72 புள்ளி என்பது ஏறத்தாழ ஓர் அங்குலம் ஆகும்.

ஆங்கிலம் முதலிய இலத்தீன் எழுத்து மொழிகளில் இவ்வகை எழுத்துருக்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே வார்ப்பகங்களில் பெருமளவில் உருவாயின. தமிழில் அவ்வாறு நிகழவில்லை. தமிழ் அலங்கார எழுத்தின் பெரும்பகுதி வார்ப்பகத்தில் அன்றி ஓவியரின் கையில் பிறந்தது. ஆகவே பழைய தமிழ் இதழ்களிலும் சுவரொட்டிகளிலும் காணப்படும் அழகிய எழுத்துகளில் பலவற்றுக்கு முழுமையான எழுத்துத் தொகுதி என்ற ஒன்று எக்காலத்திலும் இருந்ததில்லை. அந்தத் தலைப்புக்குத் தேவையான ஐந்தாறு எழுத்துகள் மட்டுமே வரையப்பட்டன.

மேற்கத்தியப் பின்னணி

இலத்தீன் எழுத்தின் கோடுகள் முடியும் இடத்தில் சிறு பட்டை போலவோ கொக்கி போலவோ நீண்டிருக்கும் பகுதி செரிப் எனப்படும். உரோமானியக் கல்வெட்டுகளில் இவ்வடிவம் முழுமை பெற்றிருந்தது. கி.பி. 113இல் உரோமையில் நிறுவப்பட்ட திராயான் தூணின் கல்வெட்டு இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஆகும்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் விளம்பரச் சுவரொட்டிகள் பெருகியபோது, நூலுக்கென வார்க்கப்பட்ட மெல்லிய எழுத்துகள் போதவில்லை. இராபர்ட் தோர்ன் என்னும் வார்ப்பாளர் மிகத் தடித்த எழுத்துகளை உருவாக்கினார். வின்சென்ட் ஃபிகின்சு 1810களில் கனத்த செங்கல் போன்ற செரிப் உடைய எழுத்துகளையும், செரிப்பின் முனை இரண்டாகப் பிளந்து மீன்வால் போல் விரியும் எழுத்துகளையும் வெளியிட்டார். 1827இல் நியூயார்க்கில் டேரியசு வெல்சு எந்திரத்தால் மர எழுத்துகளைச் செதுக்கத் தொடங்கினார். 1834இல் வில்லியம் லெவன்வர்த் இதனுடன் வரைபடிக் கருவியை இணைத்தார். ஒரே மாதிரி வடிவிலிருந்து தடித்ததும் ஒடுங்கியதுமான பல அளவுகளைச் செதுக்க இது வழி செய்தது. இன்று 'பழங்காலப் பாணி' என விற்கப்படும் ஆங்கிலத் தலைப்பெழுத்துருக்கள் பெரும்பாலும் இக்காலத்து வடிவங்களின் மறுபிறப்பே ஆகும்.

தமிழ் எழுத்தும் செரிப்பும்

தமிழ் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்தது. எழுத்தாணியின் கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிப்புடையது. முனையில் பட்டை விழ அதில் இடமில்லை. ஓலை கிழியும் என்பதற்காகவே தமிழ் எழுத்துகள் வளைந்தன என்று பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. ஆயினும் ப, ட, ம போன்ற எழுத்துகள் நேர்கோடுகளுடனேயே நிலைத்திருப்பதால் அவ்விளக்கத்தை முழுமையாக ஏற்பது கடினம்.

அச்சு வந்த பின்னர் கோட்டின் தடிப்பை வேறுபடுத்தும் வழக்கம் வார்ப்பெழுத்துகளில் நுழைந்தது. 19, 20ஆம் நூற்றாண்டுகளின் தமிழ் உரை எழுத்துகள் பல சற்றே வலப்புறம் சாய்ந்து, சில கோடுகள் தடித்தும் சில மெலிந்தும் காணப்படுகின்றன. இவ்வாறான தடிப்பு வேறுபாடு உடைய தமிழ் எழுத்துருவையே இன்று 'செரிப்' வகை என்று பெயரிடுகின்றனர். நோட்டோ செரிப் தமிழ் இதற்கு எடுத்துக்காட்டு. அதில் பழைய அச்சு மரபைப் பின்பற்றிய சாய்வு வடிவமும் உண்டு. ஆங்கிலப் பொருளிலான செரிப் அதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆங்கில செரிப்பை அப்படியே தமிழ் எழுத்தின் மீது ஒட்டினால் எழுத்தின் அடையாளமே மாறிவிடும் ஆபத்து உள்ளது. 'ர' என்னும் எழுத்தையும் 'ா' என்னும் கால் குறியையும் பிரித்துக் காட்டுவது ர-வின் அடியில் உள்ள சிறு சாய்கோடு மட்டுமே. காலின் அடியில் அலங்காரப் பட்டை ஒன்றைச் சேர்த்தால் அது ர ஆகத் தோன்றும். கோட்டின் முனையில் உருண்டை வைப்பது விக்டோரியா காலப் பாணியின் இயல்பு. தமிழில் எழுத்தின் மேல்முனையில் உருண்டை வைத்தால் அது புள்ளியாக வாசிக்கப்பட்டு, உயிர்மெய் மெய்யாகிவிடும். 'ன' இரு சுழி, 'ண' முச்சுழி என்பதால் அழகுக்காகக் கூடுதல் சுழி ஒன்றைச் சேர்க்கவும் வழியில்லை. மிகத் தடித்த எழுத்துகளில் சிக்கல் வேறு வகையானது. ண-வின் சுழிகளுக்குள் உள்ள வெற்றிடம் மையால் அடைபடாதிருக்க வேண்டுமெனில் எழுத்தை அகலமாக்க வேண்டும். அகலமாக்கினால் ஏற்கனவே நீளமான தமிழ்ச் சொல் ஒரு வரியில் அடங்காது.

ப, ட போன்றவற்றின் மேல்முனைகளில் மட்டும் சிறு சாய்வுப் பட்டை வைப்பது, வளைவுகள் முடியும் இடத்தைக் கொடியின் நுனி போல் சுருட்டுவது, கோட்டின் நடுவே வெள்ளைக் கீற்று விடுவது, எழுத்தின் பின்னே நிழல் வரைவது ஆகியவை தமிழுக்குப் பொருந்திய அலங்கார முறைகள் ஆகும். இவற்றை ஓவியர்கள் பட்டறிவின் மூலமே கண்டடைந்தனர்.

எண்ணிக்கைச் சிக்கல்

ஆங்கிலத்தில் தலைப்புக்கான அலங்கார எழுத்துத் தொகுதி ஒன்றை வார்ப்பதற்கு 26 பெரிய எழுத்துகளும் 10 எண்களும் சில குறிகளும் போதும். தமிழில் நிலை வேறு. உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18, மெய் 18, இகர, ஈகார, உகர, ஊகார உயிர்மெய்கள் ஒவ்வொன்றும் 18 என, ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வேண்டும் எனக் கொண்டால் 121 அச்சுகள் ஆகின்றன. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி ஆகிய நான்கையும் சேர்த்தால் 125. எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன்னர் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகிய ஏழுக்கும் தனி வடிவங்கள் இருந்தமையால் 132. கிரந்த எழுத்துகள் இதில் அடங்கா.

அதாவது ஆங்கிலத்தின் பெரிய எழுத்துத் தொகுதியைப் போல் ஐந்து மடங்கு அச்சுகளை வெட்ட வேண்டும். ஒவ்வொரு புள்ளி அளவுக்கும் இவ்வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். ஆண்டுக்குச் சில முறை மட்டும் பயன்படும் அலங்கார எழுத்துக்கு இச்செலவு கட்டுப்படியாகாது. ஆகவே அச்சகங்களின் தமிழ்த் தலைப்புகள் பெரும்பாலும் உரை எழுத்தின் பெரிய அளவாகவோ அதன் தடித்த வடிவமாகவோ இருந்தன. அழகு தேவைப்பட்ட இடத்தில் அச்சுக் கோப்பவர் எழுத்தைச் சுற்றிப் பூ வடிவ 'பார்டர்' கட்டினார். பழைய திருமண அழைப்பிதழ்களில் எழுத்து எளிமையாகவும் ஓரம் அடர்த்தியாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

தமிழ் அச்சின் வரலாற்றில் பெரிய எழுத்து முதலில் வந்தது அலங்காரத்திற்காக அன்று. செருமனியின் ஆலே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை; அவற்றால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. சிறிய எழுத்துகள் அங்கேயே வார்க்கப்பட்ட பின்னரே 1715இல் புதிய ஏற்பாடு முழுமை பெற்றது. அதன் பின்னரும் தமிழ் வார்ப்பாளர்களின் உழைப்பு நீண்ட காலம் எழுத்தைச் சிறிதாக்குவதிலேயே செலவிடப்பட்டது. 1862இல் வெளிவந்த வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி போன்ற பெருநூல்களைக் கையாளத்தக்க அளவில் அச்சிட அது இன்றியமையாததாக இருந்தது.

ஓவியரும் பிளாக்கும்

வார்ப்பகத்தால் இயலாததை ஓவியர் செய்தார். தலைப்பை வெள்ளைத் தாளில் கறுப்பு மையால், அச்சில் வரவேண்டிய அளவைவிடப் பெரிதாக வரைவார். அது ஒளிப்படமாகச் சுருக்கப்பட்டு, ஒளியுணர் பூச்சு இட்ட துத்தநாகத் தகட்டில் பதிக்கப்படும். கோடுகள் நீங்கலான பகுதியை அமிலம் அரித்துவிட, கோடுகள் மேடாக எஞ்சும். அத்தகட்டை மரக்கட்டையில் அறைந்து வார்ப்பெழுத்தின் உயரத்திற்குச் சமமாக்கினால் 'லைன் பிளாக்' தயார். நிழல் சாயல்கள் உள்ள ஒளிப்படங்களுக்கு 'ஆஃப்டோன் பிளாக்' வேறு உண்டு. பெரிதாக வரைந்து சுருக்குவதால் தூரிகையின் சிறு பிசிறுகள் மறைந்து ஓரங்கள் கூர்மை பெறும்.

ஆனந்த விகடன் (1926), கல்கி (1941), குமுதம் (1947) முதலிய இதழ்கள் வளர்ந்த காலத்தில் கதைத் தலைப்பு என்பது ஓவியத்தின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. பேய்க்கதைக்கு நடுங்கும் எழுத்து, சரித்திரக் கதைக்குக் கல்வெட்டை நினைவூட்டும் எழுத்து, நகைச்சுவைக்குத் துள்ளும் எழுத்து எனக் கதையின் இயல்பை வாசகர் முதல் பார்வையிலேயே உணர்ந்தார். திரைப்படத் தலைப்புகள், பாட்டுப் புத்தக அட்டைகள், சிவகாசியில் அச்சான தீப்பெட்டி, பட்டாசுச் சீட்டுகள் ஆகியவற்றிலும் கையெழுத்தே கோலோச்சியது. இவ்வெழுத்துகளை வரைந்தவர்களில் மிகப் பலரின் பெயர் அச்சில் இடம்பெறவில்லை.

விதிவிலக்காகப் பெயர் நிலைத்தவர்களுள் ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008) குறிப்பிடத்தக்கவர். நூல் அட்டைகளுக்கும் சிற்றிதழ்களுக்கும் அவர் எழுதிய தலைப்புகள், வணிக இதழ்களின் வழுவழுப்பான வளைவுகளை விடுத்துத் தூரிகையின் முரட்டுத் தடத்தையே அழகாக்கின. அவருக்குப் பின் தமிழ் நூல் அட்டைகளில் தலைப்பெழுத்து பற்றிய எதிர்பார்ப்பே மாறியது எனலாம். தெலுங்கில் சென்னையில் வாழ்ந்த ஓவியர் பாபுவின் கையெழுத்து கணினி எழுத்துருவாகவே மாறிப் பரவலாக வழங்குகிறது. தமிழில் அதற்கு இணையான பரவலை எந்த ஓவியரின் எழுத்தும் பெறவில்லை.

திருவல்லிக்கேணியில்

சென்னையின் திருவல்லிக்கேணி இதழியலுடனும் அச்சுடனும் நெருங்கிய தொடர்புடைய பகுதி ஆகும். 1878இல் தி இந்து இதழைத் தொடங்கிய அறுவர் 'திருவல்லிக்கேணி அறுவர்' என்றே அழைக்கப்படுகின்றனர். சுதேசமித்திரனில் பணியாற்றிய சுப்பிரமணிய பாரதியார் தம் இறுதிக் காலத்தில் வாழ்ந்த இல்லம் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் உள்ளது. பாரதியார் ஆசிரியராக இருந்த இந்தியா வார இதழ், தமிழில் அரசியல் கேலிச்சித்திரங்களை வெளியிட்ட முன்னோடி இதழாகும். சித்திரமும் எழுத்தும் ஒரே கட்டையில் சேர்ந்து அச்சாவதைத் தமிழ் வாசகர்கள் அதன் வழியே பழகினர். உ. வே. சாமிநாதையர் வாழ்ந்த 'தியாகராச விலாசம்' இல்லமும் இப்பகுதியில்தான் இருந்தது. பைகிராப்ட்சு சாலை என முன்னர் வழங்கிய பாரதி சாலையின் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகள், கைவரைவுத் தலைப்புகள் கொண்ட பழைய இதழ்களைத் தேடுவோருக்கு நெடுங்காலம் புகலிடமாக விளங்கின.

வார்ப்பெழுத்துக்கு அடங்காத எழுத்தைக் கையால் எழுதி அச்சிடும் முறைக்குத் தமிழுக்கு வெளியே உள்ள தெளிவான எடுத்துக்காட்டும் திருவல்லிக்கேணியிலேயே கிடைக்கிறது. வாலாசா பள்ளிவாசலுக்கு அருகில், திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் இயங்கிய அலுவலகத்திலிருந்து வெளிவந்த தி முசல்மான் என்னும் உருது மாலை நாளிதழ் அது. 1927இல் சையத் அசுமத்துல்லா இதனைத் தொடங்கினார். அவருக்குப் பின் சையத் பசுலுல்லா 2008இல் மறையும் வரை ஆசிரியராக இருந்தார். அடுத்து அவருடைய மகன் சையத் ஆரிபுல்லா பொறுப்பேற்றார். நான்கு பக்கங்களும் 'காத்திபு' எனப்படும் எழுத்தர்களால் பேனாவும் மையும் கொண்டு எழுதப்பட்டு, அதன் படிவத்திலிருந்து அச்சிடப்பட்டன. பிந்தி வரும் செய்திக்காக முதல் பக்கத்தில் ஒரு மூலை காலியாக விடப்படுவது வழக்கம்.

உருதுவின் நசுதலீக் எழுத்தில் ஒரு சொல்லின் எழுத்துகள் மேலிருந்து கீழாகச் சரிந்து இணையும். அண்டை எழுத்தைப் பொறுத்து ஒவ்வொன்றும் வடிவம் மாறும். இதனால் ஈய எழுத்துகளால் அதனைக் கோப்பது நடைமுறையில் தோல்வியுற்றது. 1981இல் மிர்சா அகமது சமீல் எழுதிய ஆயிரக்கணக்கான கூட்டெழுத்துகளைக் கொண்டு மோனோடைப் நிறுவனம் நூரி நசுதலீக் என்னும் எழுத்துருவை வெளியிட்ட பின்னரே கணினியில் உருது நாளிதழ்கள் சாத்தியமாயின. அதன் பின்னரும் முசல்மான் கையெழுத்தைக் கைவிடவில்லை. தமிழ் ஓவியர் தலைப்பை மட்டும் வரைந்தார். காத்திபு நாளிதழ் முழுவதையும் வரைந்தார். எனினும் எந்திரத்தால் கட்டுப்படியாகாத இடத்தைக் கை நிரப்பியது என்னும் காரணம் இரண்டுக்கும் பொதுவானதே.

எழுத்துச் சீர்திருத்தமும் பழமைத் தோற்றமும்

ஆங்கில எழுத்து பழமையாகத் தோன்ற வேண்டுமெனில் செரிப்பும் அலங்காரமும் வேண்டும். தமிழில் எந்த அலங்காரமும் இல்லாமலேயே ஓர் எழுத்து பழமையைக் காட்டிவிடும். காரணம் 1978இன் எழுத்துச் சீர்திருத்தம் ஆகும்.

பெரியார் ஈ. வெ. இராமசாமி 1935 முதல் குடிஅரசு இதழில் பயன்படுத்திய சீர்திருத்த வடிவங்களின் ஒரு பகுதியை, 1978இல் எம். ஜி. இராமச்சந்திரன் தலைமையிலான தமிழ்நாடு அரசு ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகிய 13 எழுத்துகள் மாற்றம் பெற்றன. அதுவரை ணை, லை, ளை, னை ஆகியவற்றில் ஐகாரக் குறி தனித்து நில்லாமல், யானையின் துதிக்கை போல் மேலெழுந்து எழுத்துடன் ஒட்டியிருந்தது. ணா, றா, னா ஆகியவற்றில் கால் தனியே இல்லாமல் எழுத்தின் கடைசிக் கோடே கீழிறங்கிச் சுழன்றது. இக்கட்டுரையை வாசிப்போரின் திரையில் இவை புதிய வடிவிலேயே தோன்றும்.

ஓவியருக்கு இவ்வேழு வடிவங்களும் பெரும் வாய்ப்பாக இருந்தன. துதிக்கையை நீட்டித் தலைப்பு முழுவதற்கும் குடையாக்கலாம். னா-வின் சுழியை அடுத்த வரியின் கொடியுடன் பின்னலாம். சீர்திருத்தம் கற்பதை எளிதாக்கியது, தட்டச்சுக்கும் அச்சுக் கோப்புக்கும் பேருதவியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் தலைப்பெழுத்து தன் வளமான வளைவுகளை இழந்ததும் உண்மை.

இன்று பழமைத் தோற்றம் விரும்பும் உணவகங்களும் திரைப்படங்களும் பழைய லை-யை மீண்டும் வரையத் தொடங்கியுள்ளன. அவ்வாறு வரைவோர் பலர் ஒரே தலைப்பில் பழைய லை-யையும் புதிய னா-வையும் கலந்துவிடுகின்றனர். மறுபுறம், பழைய வடிவம் இருப்பதே காலத்திற்குச் சான்று ஆகாது. பெரியார் இயக்கத்தின் வெளியீடுகள் 1978க்குப் பல பத்தாண்டுகள் முன்னரே புதிய வடிவில் வந்துவிட்டன.

கணினிக் காலம்

1990களில் கணினிப் பக்கவமைப்பு பரவியபோது ஈய எழுத்துகளும் பிளாக்குகளும் எடைக்கு விற்கப்பட்டு உருக்கப்பட்டன. அதே காலத்தில் தமிழில் முதன்முறையாக அலங்கார எழுத்துருக்கள் பெருந்தொகையில் வெளிவந்தன. ஆனால் அவை ஒவ்வொரு நிறுவனத்திற்கும் ஒவ்வொரு எட்டு பிட்டு குறியேற்றத்தில் அமைந்தன. 1999இல் தமிழ்நாடு அரசு டாப், டாம் என்னும் குறியேற்றங்களைத் தரப்படுத்திய பின்னரும் இக்குழப்பம் தீரவில்லை. அவ்வெழுத்துருக்களில் அமைத்த தலைப்பை அதே எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. பழைய அலங்கார எழுத்துருக்களில் பல ஒருங்குறிக்கு மாற்றப்படாமல் தேங்கிப் போயின.

ஒருங்குறியில் பழைய வடிவங்களுக்குத் தனிக் குறியெண்கள் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. 'லை' என்பது 'ல' என்னும் எழுத்தும் 'ை' என்னும் குறியுமாகவே சேமிக்கப்படுகிறது. அதை எவ்வடிவில் காட்டுவது என்பதை எழுத்துரு தீர்மானிக்கிறது. ஓப்பன்டைப் எழுத்துருவில் இவ்விரண்டையும் சேர்த்துத் துதிக்கை வடிவத்தால் பதிலிடும் விதி ஒன்றை எழுதி, அதனை விருப்பத் தேர்வாக வைக்கலாம். பயனர் தேர்ந்தால் பழைய லை தோன்றும். தேராவிடில் புதியது தோன்றும். இரு நிலையிலும் அடியிலுள்ள உரை ஒன்றே என்பதால் தேடலும் நகலெடுத்தலும் பாதிக்கப்படா.

எண்ணிக்கைச் சிக்கலையும் கணினி பெருமளவு தளர்த்தியது. க-வை வரைந்து புள்ளியை மேலே பொருத்தினால் க் ஆகிவிடும். இகர, ஈகாரக் குறிகளையும் பெரும்பாலும் அவ்வாறே பொருத்தலாம். உயிரும் ஆய்தமும் 13, அகர உயிர்மெய் 18, உகர ஊகாரங்கள் 36, குறிகள் ஏழு எனப் புதிதாக வரைய வேண்டியவை ஏறத்தாழ 75 மட்டுமே. பழைய வடிவங்கள் வேண்டுமெனில் இன்னும் ஏழு. ஃபாண்ட்போர்ச் போன்ற கட்டற்ற மென்பொருள்களால் தனி ஒருவரே இதனைச் செய்து முடிக்க இயலும்.

கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் தமிழ்த் தலைப்பெழுத்துருக்களில் தாரிக் அசீசின் கவிவனார், எக் டைப் குழுவின் பலூ தம்பி, மார்செலோ மகல்யாயிசின் காய்னி, அரிமா மதுரை ஆகியவை குறிப்பிடத்தக்கவை. இவற்றில் பலூ தம்பியும் காய்னியும் உருண்டு தடித்தவை. கவிவனார் சாய்ந்த கையெழுத்தை ஒத்தது. அரிமா மதுரை மென்மையான முனைகளை உடையது. இவை அனைத்தும் புதிய வடிவமைப்புகளே. 1940, 50களின் இதழ்த் தலைப்புகளை மூலமாகக் கொண்டு முழுத் தொகுதியாக விரித்த எழுத்துருக்களுக்கான இடம் பெரும்பாலும் வெற்றாகவே உள்ளது. அவ்வாறு விரிப்பவர் ஐந்தாறு எழுத்துகளைப் பார்த்து எஞ்சிய எழுபதை ஊகித்து வரைய வேண்டியிருக்கும். 'பொன்' என்னும் தலைப்பில் ப-வும் ன-வும் கிடைக்கும். ஞூ எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல யாருமில்லை.

அதற்கான மூலப்பொருள்கள் மிகுதியாகத் திரண்டிருக்கும் இடங்களுள் ஒன்று சென்னை தரமணியில் உள்ள ரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகும். 1994இல் தொடங்கப்பட்ட இந்நூலகத்தின் அடிப்படைத் தொகுப்பில் நூல்கள், இதழ்களுடன் நாடக அறிவிப்புகளும் அழைப்பிதழ்களும் உள்ளன. இத்தொகுப்பைக் கோட்டையூரில் வாழ்நாள் முழுவதும் திரட்டிய ரோசா முத்தையா, தொழிலால் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர்.